கேட்கிறது, விளங்கவில்லை: தறிக்கூடத்து வீட்டுப் பையன் ஒருவனின் நிகழ்வு ஆய்வு

"மாசத்துல ஒரு நாள் கரண்ட் நிறுத்துவாங்க இல்லீங்களா, அன்னைக்கு மட்டும் இவனுக்குக் காது நல்லாக் கேக்குதுங்க."

சொன்னது பையனின் அம்மா. சொன்னதும், வாய்தவறிப் பேசிவிட்டது போல மாமியாரைத் திரும்பிப் பார்த்தார். நான் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட். இப்படி எத்தனையோ பேர் எத்தனையோ சொல்வதைக் கேட்டுப் பழகியவன். அதனால் இதை நோட்டில்கூடக் குறிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து பரிசோதனைத் தாள்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த வரி திரும்ப வந்தது. வீட்டார் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மட்டும் விட்டுவிட்டேன்.

பையனுக்கு அப்போது 3 வயது 2 மாதம். ஈரோடு மாவட்டத்தில் அறச்சலூர்ப் பக்கம் ஒரு கிராமம். வீட்டை ஒட்டியே தறிக்கூடம், எட்டு விசைத்தறி. அப்பாவும் சித்தப்பாவும் மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள், அம்மா தறிக்குத் தார் (நூல்) சுற்றுகிறார். அப்பாருக்கு, அதாவது தாத்தாவுக்கு, கீழ்பவானி வாய்க்காலின் கடைமடையில் இரண்டு ஏக்கர். விசைத்தறிக் கூடங்களில் சத்தம் சாதாரணமாக 90 டெசிபலைத் தாண்டும். அந்தச் சத்தத்துக்கு நடுவேதான் பையன் பிறந்ததிலிருந்து தூங்குகிறான், விளையாடுகிறான்.

குறை இதுதான்: கூப்பிட்டால் சில நேரம் திரும்புகிறான், சில நேரம் திரும்புவதில்லை. குக்கர் விசில் அடித்தால் அடுப்படியைப் பார்க்கிறான், ஆட்டுக்குட்டி கத்தினால் ஓடுகிறான். ஆனால் பேச்சு வரவில்லை. "ம்மா", "தா" என்பதைத் தாண்டி எதுவும் இல்லை. வேண்டியதை விரலைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுகிறான்.

பிறந்த கதையைக் கேட்டேன். 33 வாரத்தில் பிரசவம். நான்காம் நாள் மஞ்சள் காமாலை ஏறி, இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி டெசிலிட்டருக்கு 27 மில்லிகிராம் வரை போய், நீல விளக்கு வைத்து, ஒரு முறை இரத்தத்தையே மாற்றியிருக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் "காது பரிசோதனை: பாஸ்" என்று இருந்தது. அந்த ஒரு சொல் இரண்டு வருடத்தைத் தின்றுவிட்டது. பேச்சு வரவில்லை என்று போன இடத்திலெல்லாம், காதில் கோளாறு இல்லை என்று அந்தத் தாளைக் காட்டியே சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் செல்போனைக் குறை சொன்னார். ஒருவர் ஆட்டிசமாக இருக்கலாம் என்றார். இன்னொருவர் தறிச் சத்தத்தில் காது கெட்டுவிட்டது என்று சொல்லி இரண்டு காதுக்கும் கேட்புக் கருவி எழுதிக் கொடுத்தார். கருவியை மாட்டினால் பையன் அழுகிறான், பிடுங்கி எறிகிறான். எந்த மருத்துவமனை, யார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். பெயர் வேறாக இருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது என்று நான் நம்பவில்லை.

பரிசோதனைக்கு வருவோம். செவிப்பறை நன்றாக அசைகிறது, நடுக்காதில் நீர் இல்லை. அடுத்தது ஓஏஇ. உள்காதில் உள்ள வெளி மயிர்ச்செல்கள் சத்தத்துக்கு ஏற்ப நீண்டு சுருங்கும். அப்படிச் செய்யும்போது அவையே மெல்லிய ஒலி ஒன்றைத் திருப்பி அனுப்பும். டேவிட் கெம்ப் 1978-ல் கண்டுபிடித்த இந்த எதிரொலியைத்தான் ஓஏஇ கருவி பிடிக்கிறது. பையனுக்கு இரண்டு காதிலும் அது அருமையாக வந்தது. இந்த இடத்தில் தறிச் சத்தக் கதை விழுந்துவிடுகிறது. பெருஞ்சத்தம் எளிதில் கெடுப்பவற்றில் இந்த வெளி மயிர்ச்செல்களும் உண்டு. அவை இவ்வளவு நலமாக இருந்தால் குற்றவாளி தறியாக இருக்க வாய்ப்பில்லை.

பிறகு பெரா. தூக்க மருந்து கொடுத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்வாய் ஒட்டி, காதுக்குள் "டிக் டிக்" என்று ஒலி கொடுப்போம். செவி நரம்பும் மூளைத்தண்டும் தரும் மின் அலைகள் வரிசையாக வரும். ஜுவெட்டும் வில்லிஸ்டனும் 1971-ல் விவரித்தபடி, முதல் பத்து மில்லிநொடிக்குள் முக்கியமாக ஐந்து அலை. பையனுக்கு 90 டெசிபலில் கொடுத்தும் ஒரு அலைகூட இல்லை, கோடு படுத்துக் கிடந்தது. ஆனால் கோட்டின் தொடக்கத்தில் சில நெளிவுகள் மட்டும் இருந்தன. டிக் ஒலியின் திசையை நேரிலிருந்து எதிராக மாற்றினேன். நெளிவும் அப்படியே தலைகீழானது. ஒலிக்குழாயை விரலால் நசுக்கினேன், நெளிவு மறைந்தது. அப்படியானால் அது கருவியின் இரைச்சல் இல்லை, மயிர்ச்செல்லின் சொந்த மின்னோட்டம். காது உயிரோடிருக்கிறது. அதற்கு மேலே, ஒன்றும் தெரியவில்லை.

விழித்திருக்கும்போது ஒலிபெருக்கி வைத்துப் பார்த்தால் 45-லிருந்து 55 டெசிபலுக்குள் திரும்புகிறான். நடுத்தரமான குறை. இந்த அளவு குறை உள்ள குழந்தைகள் கருவி போட்டால் பேசிவிடுவார்கள். பெரா கோட்டைப் பார்த்தால் முழுச் செவிடு. ஓஏஇ-யைப் பார்த்தால் நல்ல காது. மூன்று கருவி, மூன்று பதில்.

சொல்லைக் கேட்டுப் படத்தைத் தொடச் சொல்லும் சோதனைதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. கல், கால் என்று இரண்டு படம் வைத்து ஒன்றைச் சொன்னேன், பெரும்பாலும் சரியாகத் தொட்டான். பால், கால் என்று வைத்தேன், குருட்டாம்போக்கில் தொட்டான். குறிலையும் நெடிலையும் பிரிக்கும் நீளம் அவனுக்குத் தெரிகிறது. 'ப'வையும் 'க'வையும் பிரிக்கும் அந்தச் சிறு வெடிப்பு சில பத்து மில்லிநொடிக்குள் முடிந்துவிடும், அது தெரியவில்லை. மெதுவான வேறுபாடு மிஞ்சியது, வேகமான வேறுபாடு தொலைந்தது. அப்புறம் தறிச் சத்தத்தைச் செல்போனில் பதிந்து வரச் சொல்லி, அதை மெல்ல ஓடவிட்டுக் கேட்டேன். அமைதியில் பத்துக்கு நான்கு சரியாகத் தொட்டவன் அதில் ஒன்றுதான் தொட்டான்.

கரண்ட் நிறுத்தும் நாள் என்று அம்மா சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நோயின் பெயர் செவி நரம்பு ஒத்திசைவுக் கோளாறு. 1996-ல் ஆர்னால்ட் ஸ்டாரும் அவரோடு இருந்தவர்களும் இதற்குத் தனிப்பெயர் வைத்தார்கள். பெயரைச் சொல்லிவிட்டு மருந்துச் சீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் இந்தக் குடும்பம் விடவில்லை. "சத்தம் உள்ள போகுதுன்னு சொல்றீங்க, அப்புறம் ஏனுங்க புரியல?" என்று அப்பாரு கேட்டுக்கொண்டே இருந்தார். நியாயமான கேள்வி. பதில் காதில் இல்லை, ஒரு நரம்பு செல் எப்படிக் கூட்டல் போடுகிறது என்பதில் இருக்கிறது.

நரம்பு செல் ஓய்வில் இருக்கும்போது அதன் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். இன்னொரு செல்லிலிருந்து சினாப்ஸ் என்ற இணைப்பு வழியாகச் செய்தி வந்தால் அந்த அளவு கொஞ்சம் மேலே எழும்பும், பிறகு தானாகவே வடிந்துவிடும். மேடு ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தொட்டால்தான் செல் சுடும், அதாவது தன் பங்குக்கு ஒரு துடிப்பை அடுத்த செல்லுக்கு அனுப்பும். தொடவில்லை என்றால், வந்தது வராததற்குச் சமம். ஒரே ஒரு சினாப்ஸ் எழுப்பும் மேடு பெரும்பாலும் வரம்பைத் தொடாது. மூளைப் புறணியில் பல சினாப்ஸ்களின் மேடு ஒரு மில்லிவோல்ட்டைக்கூட எட்டுவதில்லை. ஆகவே பல மேடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். அந்த ஏற்றம் நடக்குமா நடக்காதா என்பதை முடிவு செய்வது அவற்றுக்கு இடையே உள்ள நேரம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் வசதிக்கு எடுத்தவை, கணக்கு உண்மை. ஒவ்வொரு செய்தியும் 4 மில்லிவோல்ட் மேடு தரட்டும். வரம்புக்கு 15 மில்லிவோல்ட் வேண்டும். மேடு வடியும் வேகத்தைக் குறிக்கும் நேர மாறிலி 10 மில்லிநொடி, அதாவது பத்து மில்லிநொடியில் மேடு 37 சதவீதமாகச் சுருங்கிவிடும். ஐந்து செய்தி ஒரே கணத்தில் வந்தால் 20 மில்லிவோல்ட், செல் சுடுகிறது. ஒரு மில்லிநொடி இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக வந்தால் உச்சம் 16.5, அப்போதும் சுடுகிறது. இரண்டு மில்லிநொடி இடைவெளி என்றால் 13.9. முடிந்தது, சுடாது. பத்து மில்லிநொடி இடைவெளியில் வந்தால் 6.3-தான். அதே இடைவெளியில் ஐந்துக்குப் பதில் ஐம்பது வந்தாலும் ஏறத்தாழ அதே 6.3-தான். முந்தையது வடிந்த பிறகு அடுத்தது வருகிறது, எத்தனை வந்தால் என்ன?

கடைசி வரியை நான் சொல்லி முடிக்கும் முன்பே அப்பாரு பிடித்துக்கொண்டார்.

"வாய்க்கால் தண்ணி மாதிரீங்களா? நாலு நாள் சேர்ந்தாப்புல விட்டா எங்க கடைமடைக்கு வந்து சேருமுங்க. அதே தண்ணியை ஒரு மணி விட்டு ஒரு மணி நிறுத்தி விட்டா, வழியில மண்ணே குடிச்சுப்போடுமுங்க. கணக்குல தண்ணி ஒண்ணுதான். காட்டுக்கு வராது."

இதைவிட நன்றாக நான் சொல்லிவிட முடியாது. கீழ்பவானி 1950-களில் வெட்டிய மண் வாய்க்கால், 200 கிலோமீட்டர் நீளம், 2,07,000 ஏக்கர் பாசனம். அத்தனைக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் காணாது என்பதால் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்து, பாதிப் பாதியாக 1,03,500 ஏக்கருக்கு முறை வைத்து விடுகிறார்கள். முறைக்குள் வரும்போது சேர்ந்து வர வேண்டும், அதுதான் கடைமடைக்காரரின் வாழ்வு. வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போடலாமா கூடாதா என்று இங்கே பல வருடமாக நடக்கும் சண்டையும் கசிவைப் பற்றியதுதான். தளம் போட்டால் தண்ணீர் தூரம் போகும், ஆனால் கசிவை நம்பியிருக்கும் கிணறுகள் வற்றும் என்பது எதிர்ப்பவர் வாதம். நரம்பு செல்லிலும் இதே வழக்கு உண்டு. சவ்வில் திறந்திருக்கும் அயனி வாயில்கள்தான் கசிவு. கசிவு குறைந்தால் மேடு நின்று நிதானமாக வடியும், முன்னே பின்னே வருவதையும் கூட்டிக்கொள்ளும். கசிவு கூடினால் மேடு எழுந்த வேகத்தில் சரியும், ஒன்றாக வந்ததை மட்டுமே கூட்டும். எது நல்லது? செல்லின் வேலையைப் பொறுத்தது.

செவி நரம்பு முதலில் போய்ச் சேரும் இடம் மூளைத்தண்டில் உள்ள காக்ளியர் உட்கரு என்ற செல் கூட்டம். அங்கே இருக்கும் செல்கள் ஓட்டை வாளிக்குப் பேர்போனவை. ஆக்டோபஸ் செல் என்று ஒன்று உண்டு, அதன் நேர மாறிலி 0.2 மில்லிநொடி அளவுதான். பொட்டாசியம் வாயில்கள் ஓய்விலேயே நிறையத் திறந்து கிடக்கும். மேலே போட்ட கணக்கில் 10 இருந்த இடத்தில் 0.2-ஐப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லிநொடி தள்ளி அடுத்த செய்தி வரும்போது, முந்தைய மேட்டில் நூற்றில் ஒரு பங்குகூட மிச்சம் இருக்காது. அந்த செல் எண்ணிக்கையைப் பார்ப்பதே இல்லை. பல பத்து நரம்பிழைகள் ஒன்றாகத் தட்டினதா என்று மட்டும் கேட்கிறது. ஆம் என்றால் சுடும். 'ப' என்ற வெடிப்பு சரியாக எந்தக் கணத்தில் தொடங்கியது என்று மூளைக்கு நேரக்குறி வைத்துக் கொடுப்பது இந்த மாதிரி செல்கள்தான். இவ்வளவு வீணடிக்கும் செல்லை இயற்கை ஏன் வைத்திருக்கிறது என்று மாணவனாக இருந்தபோது நினைத்திருக்கிறேன். கசிவுதான் அதன் துல்லியம் என்பது ரொம்பப் பின்னால்தான் உறைத்தது.

இதே செல்லில் இன்னொரு வேடிக்கை. உள்காதில் எல்லாச் சுருதியும் ஒரே நேரத்தில் தூண்டப்படுவதில்லை. ஒலி அலை அடிப்பக்கத்திலிருந்து நுனிக்குப் பயணம் செய்கிறது. உச்ச சுருதி இழைகள் முதலில் சுடும், கீழ்ச் சுருதி இழைகள் தாமதமாகச் சுடும். ஒரே டிக் ஒலிக்கே வரவு இப்படிச் சிதறி வந்தால் ஓட்டை வாளி எப்படி நிறையும்? 2012-ல் டொனாட்டா ஓர்ட்டெலும் உடனிருந்தவர்களும் எலிகளில் காட்டியது: முந்தி வரும் உச்ச சுருதி இழைகள் ஆக்டோபஸ் செல்லின் டென்ட்ரைட்டில், அதாவது செய்தி வாங்கும் கிளையில், தூரத்து நுனியில் இணைகின்றன, பிந்தி வருபவை செல் உடலுக்குப் பக்கத்தில் இணைகின்றன. நுனியிலிருந்து செல் உடலுக்கு வந்து சேரப் பிடிக்கும் நேரம் அந்தத் தாமதத்தை ஈடு கட்டிவிடுகிறது. கல்யாணத்துக்குத் தூரத்து ஊர்ப் பங்காளி முதல் நாளே கிளம்புவான், பக்கத்து வீட்டுக்காரன் கெட்டிமேளம் கேட்டுக் கிளம்புவான். முகூர்த்தத்துக்கு இரண்டு பேரும் பந்தலில் இருப்பார்கள். தூரத்தது முதலில், பக்கத்தது பிறகு என்று வந்தால் செல் உடலில் மேடு பெரிதாகும், முறை மாறினால் சிறிதாகும் என்று வில்ஃப்ரிட் ரால் 1964-லேயே கணக்குப் போட்டுச் சொன்னார். 2010-ல் பிராங்கோ, கிளார்க், ஹாய்ஸர் மூவரும் புறணி செல்லின் ஒரே கிளையில் ஒளி வைத்துத் தட்டிப் பார்த்து அதை மெய்ப்பித்தார்கள். அதே சினாப்ஸ்கள், அதே எண்ணிக்கை. வரிசை மட்டும் மாறினால் பதில் மாறுகிறது. இங்கே மக்னீசியம் அடைத்திருக்கும் என்எம்டிஏ என்ற வகை அயனி வாயில்களுக்கும் பங்கு உண்டு. அவை ஏற்கெனவே மேடு எழுந்திருக்கும் இடத்தில்தான் திறக்கும், ஆகவே ஒத்து வந்ததற்குக் கூடுதலாக ஒரு பங்கு கூலி போட்டுக் கொடுக்கும்.

அடக்கும் செய்திகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல மூளைப் பகுதிகளில், தூண்டும் செய்தி வந்த ஓரிரு மில்லிநொடியில் அதே வழியிலிருந்து கிளைத்த அடக்கும் செய்தியும் வந்து கதவை மூடிவிடும். நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் இந்தச் சன்னலைத் திறந்து பார்த்தவர்கள் பூயீயும் ஸ்கான்சியானியும், 2001-ல். அடக்கம் இருந்தால் கூட்டல் நடக்கும் அவகாசம் இரண்டு மில்லிநொடி அளவுக்குக் குறுகுகிறது. அடக்கத்தை மருந்தால் நீக்கினால் அவகாசம் பல மடங்கு விரிந்துவிடுகிறது. மூளை நேரத்தைக் கறாராகப் பார்க்கத் தனியாகக் காவல் போட்டு வைத்திருக்கிறது என்று சொல்லலாம்.

அறச்சலூர் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ஊர் மலையில் தமிழிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. த, தை, தா என்று தாளச் சொற்களைக் கட்டம் கட்டி வெட்டி வைத்திருக்கிறார்கள். நேரத்தைக் கல்லில் எழுதிய ஊர்ப் பக்கத்துப் பையனுக்கு நேரம் தொலைந்திருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இரத்தத்தில் மிதமிஞ்சிய பிலிருபின் குறைமாதக் குழந்தையின் மூளைக்குள் புகுந்தால் அது தேர்ந்தெடுத்துத் தாக்கும் இடங்களில் மூளைத்தண்டின் செவி உட்கருக்களும் செவி நரம்பும் உண்டு. மயிர்ச்செல்கள் பெரும்பாலும் தப்பிவிடும். அதனால்தான் பையனின் ஓஏஇ பாஸ் ஆனது. அந்தச் சோதனை மயிர்ச்செல்லோடு நின்றுவிடுகிறது. அதன் பிறகு பல நரம்பிழைகள் செய்தியைக் கொண்டு போகின்றன, ஆனால் சேதப்பட்ட இழைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தாமதத்தில் கொண்டு போகின்றன. ஆயிரம் பேர் ஊர்வலமாக நடந்தால் தப்படி ஒத்து வரும். ஒவ்வொருவர் காலிலும் ஒவ்வொரு விதமாக முள் தைத்திருந்தால்? ஊர்வலம் போய்ச் சேரும். தாளம் சேராது.

அப்படிச் சிதறி வரும் செய்தியில், மெதுவாகக் கூட்டும் செல்களுக்கு வேண்டியது இன்னும் இருக்கிறது. அதனால் பையனுக்குக் குக்கர் விசில் கேட்கிறது, நெடில் நீளம் தெரிகிறது. ஒத்து வந்தால் மட்டுமே சுடும் செல்கள் வாய்மூடிக் கிடக்கின்றன. அதனால் 'ப'வும் 'க'வும் ஒன்றாகிவிடுகின்றன. நல்ல காது 2, 3 மில்லிநொடி மௌனத்தைக்கூட இரண்டு ஒலிக்கு நடுவே கண்டுபிடித்துவிடும். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அதைப் போலப் பல மடங்கு வேண்டியிருக்கும்.

பெரா கோடு படுத்ததற்கும் இதே காரணம்தான், இதில் ஒரு நயம் இருக்கிறது. பெரா அலை ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் கீழே. மூளையின் மற்ற இரைச்சலில் மூழ்கிக் கிடக்கும். ஆயிரம், இரண்டாயிரம் டிக் கொடுத்து, ஒவ்வொன்றின் பதிலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால்தான் தெரியும். அதாவது கருவியும் ஒரு ஆக்டோபஸ் செல் போலத்தான் வேலை செய்கிறது. ஒரே நேரத்தில் வந்ததைக் கூட்டும், முன்பின் வந்ததை ஒன்றையொன்று அழிக்கவிடும். பையனின் நரம்பு சுடாமல் இல்லை; ஒவ்வொரு முறையும் வேறு வேறு நேரத்தில் சுடுகிறது. படுத்த கோடு என்பது மௌனம் இல்லை, சிதறல்.

தறிச் சத்தம் ஏன் அவனை இப்படி அடிக்கிறது என்பதும் இதில் வந்துவிடுகிறது. இரைச்சல் நரம்பிழைகளைக் கண்டபடி சுட வைக்கும். சுட்டுவிட்ட இழை கொஞ்ச நேரத்துக்கு மறுபடி சுடாது, பேச்சு வரும்போது அது ஓய்வில் இருக்கும். மிச்சம் சுடும் இழைகளின் செய்தியும் அந்தத் தாறுமாறான மேடுகளுக்குள் கலந்துவிடும். நல்ல நரம்பில் பேச்சின் வரவு இறுக்கமாக ஒன்று சேர்ந்து வருவதால் இரைச்சலுக்கு மேலே தலை தெரியும். இவனுக்கு ஏற்கெனவே தளர்ந்த வரவு, அதற்கு மேல் இரைச்சல். கரண்ட் நிறுத்திய நாளில் எட்டுத் தறியும் நின்றால், இருக்கும் கொஞ்ச ஒத்திசைவாவது மிஞ்சும். அம்மா சரியாகத்தான் பார்த்திருக்கிறார். தறி காதைக் கெடுக்கவில்லை, கெட்டிருப்பதை வெளிச்சம் போட்டுக் காட்டியது.

கேட்புக் கருவி ஏன் அழ வைத்தது என்று இனி விளக்க வேண்டியதில்லை. அது அளவைக் கூட்டுகிறது, நேரத்தைச் சீராக்குவதில்லை. இந்தக் கோளாறு உள்ள குழந்தைகளில் கருவியால் பயன் பெறுபவர்களும் உண்டு, ஆகவே எல்லோருக்கும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இவனுக்கு நல்ல மயிர்ச்செல்மேல் சத்தத்தைக் கொட்டியதுதான் மிச்சம்.

ஆறு மாதம் பேச்சுப் பயிற்சியும், அம்மா மார்பில் சின்ன மைக் மாட்டி நேராகப் பையன் காதுக்கு அனுப்பும் எஃப்எம் கருவியும், சைகையும் சேர்த்துப் பார்த்தோம். சைகையில் வேகமாகத் தேறினான். நாற்பது, ஐம்பது சைகை. சைகை பழகினால் பேச்சு வராது என்று ஆத்தா, அதாவது பாட்டி, பயந்தார். அதற்கு ஆதாரம் இல்லை, பேச்சு வராத குழந்தைக்கு மொழி வேண்டும் என்று சொல்லிச் சமாதானம் செய்தேன். காதால் புரிவது மட்டும் அசையவில்லை. எம்ஆர்ஐ எடுத்ததில் இரண்டு பக்கமும் செவி நரம்பு இருந்தது. நரம்பு இல்லாமலே இதே பரிசோதனை முடிவுகள் வரும் குழந்தைகள் உண்டு, ஆகவே இதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

அடுத்த படி காக்ளியர் இம்ப்ளான்ட். நரம்பில் சேதம் என்கிறோம், பிறகு நரம்பையே நம்பும் கருவி எப்படி உதவும் என்று பையனின் அப்பா கேட்டார். நானும் முதலில் தயங்கிய இடம் இது. இம்ப்ளான்ட் மயிர்ச்செல்லைத் தாண்டி, நேராக நரம்பிழைகளுக்குச் சில பத்து மைக்ரோநொடி அகலமுள்ள மின்துடிப்பைக் கொடுக்கிறது. இயல்பான காதில் ஒவ்வொரு இழையும் தன் சினாப்ஸ் வழியாகத் தன் போக்கில் தூண்டப்படும். மின்துடிப்போ, பக்கத்தில் உள்ள இழைகளை எல்லாம் ஒரே அடியில், ஒரே கணத்தில் சுட வைக்கும். அந்த இறுக்கம் பல குழந்தைகளில் மிச்சமிருக்கும் நரம்பை வைத்தே போதுமான ஒத்திசைவைத் திரும்பக் கொண்டு வந்துவிடுகிறது. மயிர்ச்செல் சினாப்ஸிலேயே கோளாறு என்றால், உதாரணமாக ஓடோஃபெர்லின் மரபணுக் குறை, பலன் இன்னும் உறுதி. பிலிருபின் சேதத்தில் முன்கூட்டியே உறுதி தர முடியாது. அதை ஒளிக்காமல் சொன்னேன்.

"சேர்ந்தாப்புல விடறாங்கனு சொல்லுங்க" என்றார் அப்பாரு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை உண்டு. 3 வயது 11 மாதத்தில் வலது காதில் வைத்தார்கள். அறுவை மேசையிலேயே, மின்துடிப்புக்கு நரம்பு தரும் பதிலைக் கருவி பதிவு செய்தது. ஒலியால் தூண்டியபோது படுத்த அதே வழியில், பிறகு மின்சாரத்தால் தூண்டியபோது ஐந்தாவது அலை எழுந்து நின்றது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். இரண்டு கோட்டையும் மேலும் கீழுமாக ஒட்டி, பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குக் காட்டுவேன்.

கருவியை இயக்கிய நாளில் சினிமாவில் வருவது போல ஒன்றும் நடக்கவில்லை. அழுதான், அம்மா மடியில் ஏறிக்கொண்டான், அவ்வளவுதான். நான்கு மாதம் வரை எனக்கே கலக்கம். ஏழாம் மாதம் பால், கால் பிரிந்தது. பதினொன்றாம் மாதம் இரண்டு சொல் சேர்த்துப் பேசினான், முதலில் சொன்னது "கரண்ட் போச்சு". தறி நின்றதும் ஓடிவந்து சொன்னானாம்.

இதில் நான் சரியாகச் செய்யாத ஒன்று உண்டு. அம்மாவின் முதல் வரியை அன்றே எழுதி வைத்திருந்தால் இரைச்சல் சோதனையை முதல் நாளே செய்திருப்பேன், மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். மூன்று வாரம் பெரிதில்லை என்று சொல்லலாம். ஆனால் அந்தக் குடும்பம் ஏற்கெனவே இரண்டு வருடம் கொடுத்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து, காமாலை ஏறி வரும் குழந்தைக்கு ஓஏஇ மட்டும் செய்து பாஸ் போடுவது இன்னும் நடக்கிறது. ஐந்து நாளுக்கு மேல் அந்தப் பிரிவில் இருந்த குழந்தைக்குப் பெரா வகைச் சோதனைதான் செய்ய வேண்டும் என்று 2007-லேயே குழந்தைகளின் செவித்திறனுக்கான அமெரிக்கக் கூட்டுக் குழு வழிகாட்டியிருக்கிறது. பத்து நிமிட வேலை, குழந்தை தூங்கும்போது.

பதினான்காம் மாதக் கணக்கு: அமைதியில் பத்துக்கு எட்டு, தறிச் சத்தத்தில் ஐந்து. 'ப'வும் 'ம'வும் சத்தத்தில் இன்னும் குழம்புகின்றன. இடது காதைப் பற்றி முடிவெடுக்கவில்லை. அதற்கு முன் மரபணுச் சோதனையின் முடிவும் வரட்டும் என்று காத்திருக்கிறோம். வீட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவே இருந்த சன்னலை அப்பாரு செங்கல் வைத்து அடைத்துவிட்டார். அடுத்த பரிசோதனை தை மாதம்.